குழலைக் கடித்த எலி

எலிகளை ஒழிக்கத் தோட்டக்காரர் ஒரு மூங்கில் குழல் வாங்கினார். வாயில் வைத்து ஊதினால் அதிலிருந்து ஊசி பாயும். காலையில் பலகையில் வட்டம் வரைந்து குறி பழகினார். மாலையில் எலிகளின் மேல் ஊதினார். ஒரு வாரத்தில் நான்கு எலிகள் செத்தன.

வால் அறுந்த எலி ஒன்று வளையில் இருந்த மற்ற எலிகளை அழைத்தது. "ஆளுக்கு நாலு கடி கடிச்சா குழல் போச்சு. வாங்கப்பா."

"நமக்கு எதுக்கு அண்ணே வம்பு?" என்றது கொழுத்த எலி. யாரும் நகரவில்லை.

தோட்டக்காரர் மதியம் உறங்கியபோது வாலறுந்தது தனியாகப் போய், குழலில் உளுந்தளவு துளை போட்டது. மூங்கில் சிராய் ஏறி ஈறு கிழிந்தது.

மாலையில் கொழுத்த எலி கிழங்குப் பாத்தியில் தோட்டக்காரர் கண்ணில் பட்டது. அவர் ஊதினார். காற்று துளை வழியே போய்விட, ஊசி அவர் காலடியிலேயே விழுந்தது.

கொழுத்த எலி மூச்சிரைக்க வளைக்குள் வந்தது. "ஐயா குறி வெச்சார். அப்புறம் மனசு வராம ஊசியைக் கீழே போட்டுட்டார். தங்கமான மனுஷன்!"

"துளை போட்டது நான்டா" என்று வாலறுந்தது வாயைத் திறந்து காட்டியது.



"ஐயாவோட பொருளையா கடிச்சே?" என்றது கொழுத்த எலி. "நம்மளைப் பத்தி அவர் என்ன நினைப்பார்?"

அப்போதே எலிகள் வாலறுந்ததை வெளியே துரத்தின.

மறுநாள் காலை தோட்டக்காரர் துளையைக் கண்டு, மெழுகு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல எலிகள் குடும்பத்தோடு வந்து அவர் முன்னால் வரிசையாக நின்றன.