சிவப்பு முகமூடியின் கொம்பு

ஜப்பானில் ஒரு மலைக் கிராமம். அங்கே பனிக்காலத் திருவிழாவில் அசுர முகமூடிகள் ஆடி, ஊரைப் பிடித்த பீடையை விரட்டும். ஆட்டம் பாதியில் நின்றால் பீடை போகாது என்று ஊரார் நம்பினார்கள்.

அந்த ஆண்டு சிவப்பு முகமூடியும் நீல முகமூடியும் ஆடின. மேளம் வேகம் பிடித்தபோது சிவப்பு சுழன்ற சுழற்சியில் கோயில் தூணில் இடித்துக்கொண்டது. அதன் வலது கொம்பு முறிந்து பனியில் விழுந்தது.

"அண்ணே, கொம்பு போயிடுச்சு! உள்ளே ஓடிடுங்க, எல்லாரும் சிரிக்கப் போறாங்க" என்று பதறியது நீலம்.

"பீடையைப் பாதியில விட்டுட்டு ஓடறதா? நீ தாளத்தை விடாம ஆடு" என்றது சிவப்பு.

அது தன்னை அணிந்திருந்தவரையும் இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றது. முறிந்த பக்கத்தையே எல்லோருக்கும் காட்டி உறுமியது. தரை அதிர மிதித்து ஆடியது.

முன்வரிசையில் இருந்த மீன்காரி ஹருயோ, "அடேயப்பா! கொம்பே முறியற அளவுக்குப் பீடையோட சண்டை போட்டிருக்கே!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைப் பார்த்து ஊரே சிவப்பைக் கும்பிட்டது.

ஆட்டம் முடிந்ததும் தச்சர் கென்சோ புதுக் கொம்பும் பசையுமாக வந்தார்.

"வேண்டாங்க, இப்படியே இருக்கட்டும்" என்றது சிவப்பு.

தச்சர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

முகமூடிகளை ஒரே பெட்டியில் வைத்து மூடினார்கள். நீலம் தன் கொம்பைப் பெட்டியின் ஓரத்தில் இலேசாகத் தட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல நகர்ந்து வந்து கேட்டது:

"அண்ணே, கொம்பு முறியும்போது ரொம்ப வலிக்குமா?"