எந்த கிளியர்?

“எந்த கிளியர்யா?” என்று அதட்டினார் பார்த்தசாரதி.

மனை விற்க வந்த பரணிதரன் மைக்கைக் கீழே இறக்கினான். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. நாவலூரில் வேன் கிளம்பியதிலிருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, “டைட்டில் கிளியர், ரோடு கிளியர், லோன் கிளியர்” என்று கத்திக்கொண்டே வந்தவன் அவன். திருப்போரூர் தாண்டுவதற்குள் வினிதாவுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

பக்கத்து இருக்கைப் பெரியவர் பார்த்தசாரதி விடுவதாக இல்லை.

“காலேஜ்ல முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தினவன்யா நான். கடன் கிளியர்னா அடைஞ்சு போச்சுன்னு அர்த்தம். தண்ணி கிளியர்னா கலங்கல் இல்லேன்னு அர்த்தம். காட்டை கிளியர் பண்ணா, வெட்டி எறிஞ்சாச்சுன்னு அர்த்தம். அரியரை கிளியர் பண்ணா, பையன் ஒருவழியா பாஸாயிட்டான்னு அர்த்தம். கடையில கிளியரன்ஸ்னு போர்டு வெச்சா, விக்காத குப்பையைத் தள்ளிவிடறான்னு அர்த்தம். உன் கிளியர் இதுல எது?”

“அல்லாமே கிளியர் சார்!”

“அப்ப உனக்கு ஒண்ணுமே கிளியர் இல்ல. உக்காரு.”

வேனே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் வினிதாதான். இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். இலவச வேன், இலவசச் சாப்பாடு, முன்பதிவு செய்தால் வெள்ளிக் குத்துவிளக்கு. இதற்கெல்லாம் மயங்கி மனை வாங்குகிறவர்களைப் பற்றி ஆபீஸில் அவள் அடிக்காத கிண்டல் இல்லை.

ஆனாலும் வேனில் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. கேளம்பாக்கத்து வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மூன்றாவது வாடகை வீடு அது. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட இன்னொருவரிடம் கெஞ்சி நிற்கும் பிழைப்பு அவளுக்கு அலுத்துவிட்டது. கணவன் எழிலுக்கு ஷிஃப்ட். “நீயே பாத்து முடிவு பண்ணு வினி. ஏமாந்து மட்டும் வந்துடாத” என்று சொல்லி அனுப்பியிருந்தான். இருவரும் சேர்த்து வைத்ததெல்லாம் அவள் கணக்கில் இருந்தது.

செங்கல்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, கலர் கொடி கட்டிய வளைவுக்குள் வேன் நின்றது. டிரைவர் ஸ்டான்லி எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தான். பார்த்தசாரதி எதுவும் கேட்கவில்லை, அவர் கையில் மட்டும் தயிர் சாதத்தை வைத்துவிட்டுப் போனான். வயசுக்கு மரியாதை தெரிந்தவன் இந்தக் கும்பலில் ஒருவனாவது இருக்கிறானே என்று வினிதா நினைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் பார்த்தசாரதி மறுபடி ஆரம்பித்தார். பட்டா எங்கே, வில்லங்கச் சான்று எங்கே, மூலப் பத்திரம் எங்கே என்று பரணிதரனை ஓட ஓட விரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தாளையும் மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். யாரும் பரணிதரன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கடைசியில் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு தாள்களை மேஜையில் போட்டார்.

“இவன் இங்கிலீஷ் கேவலம். டை அதைவிடக் கேவலம். ஆனா பேப்பர்ல ஒரு குத்தம் சொல்ல முடியல. அந்தக் கார்னர் மனையை என் பேர்ல போடு.”

வினிதாவுக்கு உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். அந்த மூலையைத் தாண்டி, ஆள் உயரத்துக்குக் கோரை மண்டிக் கிடந்தது.

“சார், அங்க கோரையா இருக்கே. ஏரி எடமா இருக்குமோ?”

பார்த்தசாரதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சற்று முன்பு பரணிதரனைப் பார்த்த அதே பார்வை.

“படிச்ச பொண்ணு மாதிரி இருக்கியேன்னு நெனச்சேன். கோரையைப் பாத்து மனை வாங்குவியா, பட்டாவைப் பாத்து வாங்குவியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வினிதாவுக்குக் காது மடல் சுட்டது. அந்த டைக்காரனோடு தன்னையும் ஒன்றாகச் சேர்த்து அவர் எடைபோட்டுவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. உடனே கார்னருக்கு அடுத்த மனையைக் காட்டி, போனை எடுத்து அங்கேயே முன்பணத்தை அனுப்பினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அனுப்பினார்கள்.

“இப்பதான் புத்திசாலித்தனமா ஒரு காரியம் பண்ணியிருக்க” என்றார் பார்த்தசாரதி. தன்னை அழைத்துப்போக மகன் காரில் வருவதாகச் சொல்லி அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

குத்துவிளக்கு மடியில் இருக்க, வேன் வளைவைத் தாண்டியபோதுதான் முன்பதிவுக்குக் காட்டிய ஆதார் அட்டையை மேஜையிலேயே விட்டுவந்தது வினிதாவுக்கு ஞாபகம் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வேகமாக நடந்தாள். எழிலிடம் முதலில் இந்தப் பெரியவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், அவர் மட்டும் இல்லாவிட்டால் யாரை நம்பி வாங்கியிருப்போம் என்று நினைத்துக்கொண்டே மேஜை போட்டிருந்த தகரக் கொட்டகையை நெருங்கினாள்.

உள்ளே பார்த்தசாரதி பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பரணிதரன் டையை அவிழ்த்துக்கொண்டே அவரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“நாளிக்கி நீ தாம்பரம் வேன்ல ஏறிக்கோ மாமா, இந்த ரூட்ல உன் மூஞ்சி பழகிப்போச்சு.”