இடப்பக்கக் காற்று

ஏசியில் சூடான காற்று வருகிறதென்று லுணுகலை சிவஞானம் சேர் பதுளைக்குக் காரைக் கொண்டுவந்தார். கராஜ்காரன் மபாஸ் கேஸ் அளந்தான், குறையவில்லை. கம்ப்ரஸரும் ஓடியது. ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் விடும் வால்வுதான் மூடாமல் இறுகிக் கிடந்தது. புதியதை மாட்டி, காற்று வரும் துவாரங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தான். சாரதி பக்கம் எட்டு பாகை. இடப்பக்கம் முப்பத்தேழு.

சுடுதண்ணீர்க் குழாயையே கழற்றி அடைத்தான். அப்போதும் முப்பத்தேழு. எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரையும் கழற்றினான். இடப்பக்கக் காற்று நிற்கவில்லை. கொஞ்சம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"சேர், இந்தப் பக்கத்து சீட்டுல யாரு இருந்து வாற?"

"மாசி மாசம் வீட்டுக்காரி தவறினதிலருந்து ஒருத்தரும் இல்ல, தம்பி. நான் தனியாத்தான் வாறேன்."

மபாஸ் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். "சாமான் எல்லாம் சரி, சேர். இதுக்கு மேல எனக்கு ஒண்டும் செய்ய ஏலா."

"பரவால்ல. அந்தக் கதவ மட்டும் மெதுவா சாத்துங்க."

மெதுவாகவே சாத்தினான். தூறலில் கார் வீதிக்கு ஏறியது. இடப்பக்கக் கண்ணாடியின் உள்ளே, ஒரு முகத்தின் உயரத்தில், கையகலத்துக்கு வெள்ளையாக ஆவி படர்ந்தது, சுருங்கியது, மறுபடி படர்ந்தது.