அக்காவைச் சேர்த்தேன்

வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக என் கிளவுடுக்குள் நுழைந்து, என் மெசேஜ்களைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான் அண்ணனுக்குப் பொழுதுபோக்கு. போதும் போதும் என்றாகி, என்னைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்ய உட்கார்ந்தேன்.

கடைசியில் என் போன் ஒரு விஷயம் கேட்டது: பாஸ்வேர்டை மறந்துவிட்டால் உதவ, நம்பிக்கையான ஒருவரைச் சேர்க்க வேண்டும்.

“என்னப் போடு. வேற யாரு இருக்கா உனக்கு?” என்றான் அண்ணன், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

வீம்புக்கு அக்காவின் நம்பரைப் போட்டேன். எங்கள் இருவருக்கும் மூத்தவள். போன வருடம் இறந்துவிட்டாள். அவளுடைய போன், பேட்டரி உப்பிப்போய் அதைக் கழற்றியெறிந்த பிறகு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அவன் சிரித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ‘ஏற்றுக்கொண்டார்.’ எல்லாம் பூட்டிக்கொண்டது.

“அந்த நம்பர வேற யாருக்காவது குடுத்திருப்பாங்க. குடு, பாக்கறேன்” என்று என் போனைப் பிடித்து இழுத்தான்.

அப்போது அவன் போனில் ஒரு மெசேஜ் வந்து ஒலித்தது. திரையில் அக்காவின் பெயர்.

“சத்தமா வாசி அண்ணா, எப்பவும் வாசிப்பியே” என்றேன்.

வாசித்தான்.

“டேய், அவ போன விடு.”

விட்டான்.