சூடு ஆறாத மெத்தை

"மூச்சுக் காட்டாதேங்கோ. ஜெர்மன்காரன் தலைக்கு மேல நிக்கிறான்."

சிவபாதம் கிசுகிசுத்தான். இருட்டில் ஒருவன் முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே குழாய்கள் முனகின. அதற்கும் மேலே கனத்த சப்பாத்துகள் அங்குமிங்கும் நடந்தன.

ஆனால் இது அத்திலாந்திக் கடலடி அல்ல. கனடாவில், பார்க்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற், நிலத்தடித் தளம். நேரம் ஞாயிறு மத்தியானம். ஒரு காலத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர், மேலே நடக்கிற வீட்டுக்காரர்தான்.

உலகப் போரில் அவர் எத்தனை கப்பல்களை மூழ்கடித்தார் என்பதில் கீழே குடியிருந்தவர்களிடையே பலத்த கருத்து வேறுபாடு உண்டு. கடைசியில் அகப்பட்டு, ஒன்ராரியோவில் கைதியாகக் கிடந்து, ஊர் போய், பிறகு தானாகவே திரும்பிவந்து, சிறை வைத்த நாட்டிலேயே வீடு வாங்கிய மனிதர். மனைவி இறந்தபின் மேல்வீடு முழுவதும் அவர் ஒருவருக்குத்தான். 'கப்டன்' என்றே எல்லாரும் சொன்னார்கள், அவர் காதுக்கு எட்டாமல்.

பேஸ்மென்றை எடுத்தவர் பொன்னம்பலம். மூன்று பேர் என்று சொல்லித்தான் எடுத்தார். பிறகு தங்கச்சியின் புருஷனை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர முடியுமா? அவன்தான் தன் சிநேகிதனை விட்டுவிட முடியுமா? இப்படி முடியாமல் முடியாமல் ஒன்பது பேராகிவிட்டார்கள்.

மெத்தைக்குத்தான் தட்டுப்பாடு. இரவு வேலைக்காரன் வந்து விழும்போது பகல் வேலைக்காரன் எழும்புவான். எந்த மெத்தையும் ஆறியதே கிடையாது.

"நாங்கள் சிரிக்கேக்கை எல்லாம் மேல நடை நிக்குது அண்ணை. உவர் ஆள் எண்ணுறார்" என்று பனி தொடங்கிய நாள்முதல் சிவபாதம் சொல்லிவந்தான். ஜெர்மன்காரர் விஷயத்தில் அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கனடா வரும் வழியில் ஜெர்மனியில், ஸ்ருட்கார்ட்டில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பாஷையும் படித்தவன்.

இப்போது சப்பாத்துகள் படியில் கேட்டன.

"இறங்குறார்! ஓடுங்கோ!"

ஆறு பேர் ஹீற்றர் அறைக்குள் அடைந்தார்கள். பொன்னம்பலம் விளக்கைப் போட்டு, மூன்று பேர் கணக்குச் சரிவர சிவபாதத்தையும் நிரூபன் என்ற இன்னொருவனையும் பக்கத்தில் நிறுத்தி, நல்ல குடியிருப்பாளர் முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கப்டன் அடுப்பைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. குனிந்து மெத்தையில் உள்ளங்கையை வைத்தார்.

"இதில் படுத்திருந்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை, சேர்."

கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றார். பிறகு நேரே போய் ஹீற்றர் அறைக் கதவைத் திறந்தார்.

ஆறு பேரும் வரிசையாக வெளியே வந்தார்கள். கடைசி ஆள் றால் குழம்புச் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்தான். தடயம் எதையும் விடக்கூடாது என்று நினைத்திருப்பான்.

பொன்னம்பலம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே முழங்கால் அளவு பனி. இத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

"சேர், ப்ளீஸ், வின்ரர் முடியுமட்டும்..." என்று தொடங்கினார்.

கப்டன் கையை உயர்த்தித் தடுத்தார். அவருக்கு ஆங்கிலம் அளந்துதான் வரும். மனசு கலங்கினால் ஜெர்மன்தான். இப்போது ஜெர்மன் வந்தது, மூடி திறந்த சோடா மாதிரி. சிவபாதம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"என்னடா சொல்லுறார்?"

"கப்பலிலயும் இப்பிடித்தானாம் அண்ணை. ஒருத்தன் எழும்ப மற்றவன் படுக்கிறதாம். மெத்தை சூடாக் கிடந்தால் ஆள் கூட எண்டு தனக்குத் தெரியுமாம்."

"சரி, பிடிபட்டம்." பொன்னம்பலம் சூட்கேசை இழுத்தார். "எப்ப வெளிக்கிடட்டாம்? கேள்."

சிவபாதம் கேட்டான். கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்துபோயிற்று.

"வெளிக்கிடச் சொல்லேல்லை அண்ணை. மேல தனியப் படுக்க நித்திரை வருகுதில்லையாம்."

"அதுக்கு?"

"உந்த மெத்தையில தனக்கும் ஒரு ஷிப்ற் தரட்டாம்."