மலிகா கேட்ட குழாய்

முன்கூடம் முழுக்க உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் ஹபிபுல்லா அடுப்படியில் ஸ்டூல் மேல் நின்று சுவரில் தகரக் குழாயைச் சொருகிக்கொண்டிருந்தார்.

பரங்கிப்பேட்டையின் பழைய சுண்ணாம்புச் சுவர். நேற்றே உளி வைத்து ஓட்டை போட்டாயிற்று. செங்கல்லும் தூளுமாக அடுப்படி கிடந்த கோலத்தில் யாரும் சமைக்க முடியாது. நேற்றிலிருந்து பக்கத்து வீட்டு ஜெயராணிதான் சோறு கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் கேஸ் உண்டு. ஆனால் கறி விறகில் வெந்தால்தான் ஹபிபுல்லாவுக்குத் தொண்டையில் இறங்கும். கண் எரிகிறது என்று மனைவி மலிகா புகைக் குழாயில் பேச்சைத் தொடங்குவாள். சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் சும்மா விடுவாரா? பேரம் பேசி அதை ஜன்னலுக்கு இறக்கி, 'நோம்பு போகட்டும்' என்று வியாபாரத்தை முடித்துவிடுவார். அடுத்த நோன்பும் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவர், இன்று காலை குழாய் வாங்கும்போது ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. இரும்புக் கடை தேவநாதன் பில் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாய், ஒடம்பு சரியில்லியா?"

ஹபிபுல்லா குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மலிகாவின் தம்பி உபைதுல்லா அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், கம்மாபுரத்துலேருந்து மாமால்லாம் வந்திருக்காங்க. மூஞ்சக் கழுவிட்டு வாங்க."

"வரேன் மாப்ள. அந்த வளைவ எடு."

"கொத்தனாரக் கூப்ட்டிருந்தா அர மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிருப்பான்."

"நானே மாட்டித் தரேன்னு ஒங்கக்காகிட்ட சொன்னேன்டா."

"சொன்னீங்க, சொன்னீங்க. எனக்கு மீச மொளைக்காத காலத்துலேருந்து சொல்றீங்க."

ஹபிபுல்லா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேல் குழாயைக் கீழ்க் குழாய்க்கு வெளியே மாட்டியிருந்தார். கழற்றி, உள்ளே இறங்குகிற மாதிரி மறுபடி மாட்டினார். தகரம் விரலைக் கிழித்தது. யாருடைய விரலோ என்பதுபோலப் பார்த்துவிட்டு, சிமெண்டைக் குழைத்து இடைவெளியில் அப்பினார்.

கூடத்தில் யாரோ டீ கேட்டார்கள். ஜெயராணி வீட்டு பிளாஸ்க் அந்தப் பக்கம் போனது.

"இதுல பொக போவுமா மச்சான்?" உபைதுல்லாவின் குரல் இறங்கியிருந்தது.

"பாத்துரலாம். போவலன்னா இன்னிக்கே கழட்டிட்டு வேற போட்டுரணும். அவ கண்ணு எரியக் கூடாது."

ஸ்டூலிலிருந்து இறங்கினார். அடுப்பில் தென்னம்பாளையை முறித்து வைத்தார். குழாயின் வாயைப் பார்த்தபடியே தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினார்.

உபைதுல்லா பாய்ந்து வந்து குச்சியை ஊதி அணைத்தான். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா மௌத்தாயி, அடக்கம் பண்ணி மூணு நாளு ஆவல, அடுப்பு எரியக் கூடாது மச்சான்."