சந்தனம் வைக்காத அயர்ன் பாக்ஸ்

“நேத்தே சொல்லிட்டேன். பாட்டு ஓடறப்ப எல்லாரும் சிரிக்கணும். உம்முனு நிக்கிறவங்க திங்கக்கிழமையிலிருந்து வேண்டாம்” என்றான் சின்ன முதலாளி.

ஆர்டர் குறைந்துபோயிருந்த 2008. பனியன் கம்பெனி ஆட்கள் இங்கிலீஷ் பாப் பாட்டுக்கு ஆடுவதைப் படம் பிடித்து ஆர்குட்டில் போட்டால், இங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வெளிநாட்டுக்காரன் நம்புவானாம்.

அயர்ன் மாஸ்டர் நல்லான் அசையவில்லை. ஆட்டம் சொல்லிக்கொடுக்க முன்னால் நின்றவன் மேனேஜர் சசிகுமார். நாலு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, நல்லானின் அயர்ன் பாக்ஸை மட்டும் விட்டுவிட்டவன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

“மறந்துட்டேனுங்கண்ணா” என்று அவன் நூறு தடவை சொல்லிவிட்டான். மறந்ததுதானே குற்றம்.

“ஏனுங்க, கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?” அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் நல்லானின் மனைவி மருதாள் கிசுகிசுத்தாள். “அறுபதை நெருங்கியாச்சு. வேற எந்தக் கம்பெனியில உங்களைச் சேர்ப்பாங்க?”

“அவன் முன்னால பல்லைக் காட்டறதுக்குப் பதிலா ஊட்டுலயே கெடக்கறேன், போ.”

பாட்டு அதிர்ந்தது. டெய்லர்கள் ஆடினார்கள். சின்ன முதலாளியின் பார்வை நல்லான் மேலேயே நின்றது. நல்லானுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் உதடு பிரியவில்லை.

சசிகுமார் இடுப்பை வளைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். கால் வழுக்கியது. மூலையில் குவிந்திருந்த பனியன் வேஸ்டுக்குள் தலைகுப்புற விழுந்தான். ரெண்டு ஷூ மட்டும்தான் வெளியே தெரிந்தது. எழுந்தபோது காதில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது.

நல்லான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து டெய்லரின் தோளில் சாய்ந்து சிரித்தார். கேமரா அவரை விட்டு நகரவே இல்லை.

“இவருதான்யா நம்ம வீடியோவுக்கே ஹீரோ” என்றான் சின்ன முதலாளி.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதும் நல்லானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பாத்தியா மருதா, சாமி கேட்டிருச்சு. எம்பட அயர்ன் பாக்ஸை மறந்தவன் எப்படி விழுந்தான் பாத்தியா?”

மருதாளால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“காலையில என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘அக்கா, நான் விழுந்தா அண்ணன் கட்டாயம் சிரிப்பாரு. அடிபடாம இருக்க அந்த மூலையில நாலு மூட்டை வேஸ்டைக் கொட்டி வைங்க’ன்னு சொன்னதே அந்த மேனேஜர் தம்பிதானுங்க.”